எழுபதைத் தாண்டாத ரசிகர்

மணிக்கட்டில் பட்டையை மாட்டிவிட்ட பெண் திரையை ஒரு தரம் பார்த்தாள், ஞானராஜின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பட்டை சரியாக ஒட்டவில்லையோ என்று இழுத்துக்கூடப் பார்த்தாள். பிறகு பந்தியில் பாயசம் தீர்ந்துபோனதைச் சொல்கிற குரலில், "எழுபது சார். வெள்ளை," என்றாள்.

பின்னால் நானூறு பேர் வரிசையில் நின்றிருக்காவிட்டால் ஞானராஜ் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார். ராப் பாடகி சூறையின் கச்சேரிக்கு எட்டு மாதமாக நாள் எண்ணியவர் அவர். இதயத் துடிப்பு நூற்றிருபதுக்கு மேல் இருந்தால் சிவப்புப் பட்டை, மேடைக்கு அடியிலேயே நிற்கலாம். தொண்ணூறைத் தாண்டினால் மஞ்சள், நடுத் திடல். அதற்கும் கீழே என்றால் வெள்ளை, கழிப்பறைக்கும் ஜூஸ் கடைக்கும் பக்கத்தில். யாருக்கு உற்சாகம் அதிகமோ அவர்களுக்கே முன் இடம் என்று 'நாடி நேரலை' கம்பெனி விளம்பரம் செய்தபோது, எவ்வளவு நியாயம் என்று மெச்சியவர்களில் இவரும் ஒருவர்.

உற்சாகத்தில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. நாற்பத்துமூன்று வயதில், மருத்துவமனையில் ஈ.சி.ஜி எடுக்கிற வேலையில் இருந்துகொண்டு, சூறையின் நாற்பத்தோரு பாட்டையும் மனப்பாடமாக ஒப்பிப்பார். நோயாளியின் மார்பில் ஒயரை ஒட்டும்போது "ஆடாம படுங்க, அசையாம இருங்க" என்பதைக்கூட அவள் தாளத்தில்தான் சொல்வார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவர் நெஞ்சுக்குள் ஒரு பேஸ்மேக்கரை வைத்துத் தைத்திருந்தார்கள். குதித்தாலும் எழுபது, தூங்கினாலும் எழுபது. லாட்டரி விழுந்தாலும் அது எழுபதுதான் அடிக்கும். நெஞ்சு தன்னிஷ்டத்துக்கு ஓடுகிற வழியைச் சுட்டு அடைத்து, அதைத் தாண்டவிடாமல் டாக்டர் பூட்டுப் போட்டிருந்தார்.

இதை அந்தப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தார். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் கதவு பட்டையின் நிறத்துக்குத்தான் திறக்கும், தன் பேச்சைக் கேட்காது என்றாள்.

இதற்குள் பக்கத்து வரிசையில் ஒரு சண்டை முற்றியிருந்தது. சண்டை போட்டுக்கொண்டிருந்தது அவர் மனைவி பியூலா. சூறையின் ரசிகர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடத்தோடு வருவது வழக்கம். 'தண்ணி லாரி' பாட்டு வந்ததும் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கித் தட்ட வேண்டும். ஞானராஜும் ஒரு பச்சைக் குடம் கொண்டுவந்திருந்தார். பஸ்ஸில் வரும்போது, குடத்தைப் பிடித்துக்கொண்டு பாட்டுக் கேட்கப் போகிற கிறுக்கு உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று பியூலா பூந்தமல்லி நெடுஞ்சாலை முழுக்க அவரைக் கிண்டல் செய்துகொண்டு வந்தாள். அவளுக்கு ராப் என்றாலே ஆகாது. கணவரைத் தனியாக அனுப்பப் பயந்து கூட வந்தவள். ஆனால் காவலாளி அந்தக் குடத்தின் மேல் கை வைத்ததும் அவளுக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது.

"என் வூட்டுக் கொடத்த நீ இன்னாத்துக்குத் தொடற? உள்ள குண்டா வச்சிருக்கேன்? கவுத்துப் பாரு," என்று அவள் கத்திய நேரத்தில்தான் இன்னொருவன் அவள் கையில் பட்டையை மாட்டினான். நூற்று முப்பத்தொன்று. பட்டை குங்குமமாகச் சிவந்தது.

காவலாளி வாயை மூடிக்கொண்டு வழி விட்டான். சிவப்புக்காரர்களிடம் யாரும் வாதாடுவதில்லை.

பியூலா போக மாட்டேன் என்றாள். அவரை விட்டுவிட்டு அந்தக் கும்பலுக்குள் தனக்கென்ன வேலை என்றாள். அங்கேதான் ஞானராஜ் ஒரு ரசிகன் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார். மேடைக்கு அடியில் கிடைத்த ஓர் இடம் வீணாகப் போவதை அவரால் தாங்க முடியவில்லை. தனக்காகப் போ, சூறையின் செருப்பு என்ன நிறம் என்றாவது பார்த்து வந்து சொல் என்று கெஞ்சி, காவலாளியிடமிருந்து குடத்தையும் வாங்கிக் கையில் கொடுத்து, மனைவியைச் சிவப்புக் கதவுக்குள் தள்ளிவிட்டார்.

ஐந்து மணி வெயிலில் திடல் பளபளத்தது. வெள்ளைப் பகுதியில் பெண்களுக்குத் துணையாக வந்த அப்பாக்கள், ரத்தக் கொதிப்பு மாத்திரை போடுகிறவர்கள், ஏற்கெனவே கொட்டாவி விட ஆரம்பித்துவிட்ட ஒரு வக்கீல் என்று முந்நூறு பேர் இருந்தார்கள். துடிப்பு ஏறினால் கதவு தானே திறந்து முன்னால் விடும் என்று எழுதிப் போட்டிருந்ததால், ஞானராஜ் நம்பிக்கையை விடாமல் பத்துத் தோப்புக்கரணம் போட்டார். பட்டை எழுபது என்றது. மூச்சை அடக்கிப் பார்த்தார். வக்கீல் அவரை நெஞ்சு வலிக்காரர் என்று நினைத்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அப்போது மேடை வெடித்தது.

சூறை ஓடி வரவில்லை, குதித்து வந்தாள். அனல் மின் நிலையச் சாம்பல் விழுகிற எர்ணாவூர்க்காரி, ஐந்தடி உயரம்கூட இல்லை, ஆனால் அவள் மைக்கில் "டேய்" என்று சொன்ன ஒரு சொல்லுக்கு இருபதாயிரம் பேரும் தரையை விட்டு எழுந்தார்கள். முதல் பாட்டு 'வழி விடு'. பேஸ் ஒலி காலடி மண்ணில் ஏறி, முழங்காலில் ஏறி, பல்லில் வந்து நின்றது. ஞானராஜுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வாய் தானாகப் பாடியது, கை தானாக வெட்டியது, கொட்டாவி வக்கீலே தலையை ஆட்டத் தொடங்கினார். இந்த ஒரு நாளுக்காகத்தான் உயிரோடு இருந்தோம் என்று அவருக்குத் தோன்றியது, அது கொஞ்சமும் மிகையில்லை.

இரண்டாவது பாட்டு 'தண்ணி லாரி'.

"வருது பாரு லாரி, வரிசையில வாடி,
நேத்து வச்ச கொடத்துக்கு யாரு வச்சா மூடி?"

ஆயிரக்கணக்கான குடங்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று திடலே பொங்கியது. மேடையின் பெரிய திரையில் முன்வரிசை முகங்களைக் காட்டினார்கள். ஞானராஜ் திகைத்துப்போனார். தலைமுடி அவிழ்ந்து, வேர்த்து வழிய, பச்சைக் குடத்தை இடுப்பில் வைத்துத் தட்டிக்கொண்டு ஆடுவது அவர் பியூலாதான். சர்ச் பாட்டைத் தவிர எதற்கும் வாய் திறக்காதவள் வாய் கிழியப் பாடிக்கொண்டிருந்தாள். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் நீரும் வந்தது.

வெள்ளைப் பகுதியின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட மேடை ஒன்று இருந்தது. ஒலியைக் கட்டுப்படுத்துகிறவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அதில் தனியாக ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போய், எல்லோரும் இப்படிச் சேர்ந்தாற்போல் பறக்க என்ன மந்திரம் போட்டீர்கள் என்று கேட்டார். ஃபர்ஹானா என்று சட்டையில் பெயர் எழுதியிருந்தது. வெள்ளைப் பகுதியிலிருந்து ஒருவர் இவ்வளவு வேர்த்து விறுவிறுத்து வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்ததால் பேசினாள். மேடையிலிருந்து ஒரு நெஞ்சுத் துடிப்பு எல்லாப் பட்டைக்கும் போகிறது. பட்டை அதை மணிக்கட்டில் மெல்லத் தட்டும். தட்டுவது தெரியவே தெரியாது, ஆனால் பத்து நிமிடத்தில் எல்லா நெஞ்சும் அதன் பின்னால் போய்விடும். பீட்டும் அந்தத் துடிப்பிலேயே ஓடுவதால் இருபதாயிரம் பேருக்கும் ஒரே நெஞ்சாகிவிடும் என்றாள். அதற்குள் மூன்றாவது பாட்டு பாதி முடிந்திருந்தது.

"சூறையோட நெஞ்சா?" என்று ஞானராஜ் பக்தியோடு கேட்டார்.

ஃபர்ஹானா சிரித்தாள். "அவங்களுக்கு இது தினமும் செய்யற வேலை, சார். எவ்வளவு கத்தினாலும் தொண்ணூத்தஞ்ச தாண்டாது. அதைப் போட்டா ஜனங்க உட்கார்ந்துடுவாங்க. இது வேற ஒருத்தரோடது. எங்ககிட்ட இருக்கறதுலயே பெரிய உற்சாகம் இதுதான்."

அவள் திரையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினாள். பச்சைக் கோடு ஒன்று ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாளைக்கு அறுபது பேரின் கோட்டைப் பார்க்கிறவர் ஞானராஜ். தபால்காரருக்குக் கையெழுத்துப் போல அவருக்கு அது. இரண்டாவது முகட்டில் ஒரு சின்ன வெட்டு, ஒவ்வொரு பதினான்கு துடிப்புக்கும் ஒரு தடுமாற்றம், உடனே அவசரமாக இரண்டு. அறுவை சிகிச்சைக்கு முன்னால் எத்தனை தடவை அந்தக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் திரையை நோக்கிக் குனிந்தார்.

"இதுக்கு இன்னா பேரும்மா வச்சிருக்கீங்க?"

"பேரெல்லாம் இல்ல சார். பெரம்பூர் 214."

ஞானராஜ் கைபேசியின் உறையைக் கழற்றினார். அதற்குள் மடித்து வைத்திருந்த பழைய டிக்கெட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். இரண்டு வருடத்துக்கு முன் பெரம்பூரில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்த கச்சேரி. சோதனைக்கு என்று சொல்லி முந்நூறு பேருக்கும் பட்டை மாட்டினார்கள். அவர் எண் இருநூற்றுப் பதினான்கு.

"இது உற்சாகம் இல்லம்மா," என்றார். "இது நோவு. நாலாவது பாட்டுல என் நெஞ்சு கண்ணு மண்ணு தெரியாம ஓடி, அப்புறம் நின்னுபோச்சு. பக்கத்துல இருந்தவங்க சந்தோஷத்துல உழுந்துட்டேன்னு நெனச்சு என்னைத் தூக்கி வச்சு ஆடினாங்க. எனக்கு உள்ளுக்குள்ள மெஷினே அதுக்கப்புறம்தான் வச்சாங்க."

ஃபர்ஹானாவின் முகம் வெளுத்தது. இதுவரைக்கும் எல்லா ஊரிலும் முதல் மூன்று பாட்டுக்குத்தான் இதைப் போட்டிருக்கிறோம் என்றாள். போன மாதம் வேறோர் ஊரில் பதினோரு பேர் மயங்கி விழுந்தார்கள், கம்பெனி அந்தப் படத்தையே சுவரொட்டியாக அடித்தது, இன்றைக்கு நாலாவது பாட்டுக்கும் முழுதாக ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள், உச்சமே அங்கேதான் இருக்கிறது என்று மேலே சொன்னார்கள் என்றெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள்.

மேடையில் மூன்றாவது பாட்டு முடிந்தது. ஆரவாரம் தகரக் கூரையை உலுக்கியது. பெரிய திரையில் மறுபடியும் பியூலாவின் முகம் வந்தது, ஆனால் இப்போது அது சிவந்து, வாய் பிளந்து, மூச்சுக்குத் தவிப்பதை ஞானராஜ் கண்டார். மற்ற எல்லோருக்கும் அது ஆனந்தமாகத் தெரிந்திருக்கும். அவருக்கு அது தெரிந்த முகம், கண்ணாடியில் தன் முகத்திலேயே பார்த்த தவிப்பு. அந்தக் கோடு நிற்கிற இடத்தில் அவளும் நிற்பாள். இருபதாயிரம் பேரை ஓடவிட்டுக் காலை வாரிவிடுகிற வேலை, அதையும் அவர் நெஞ்சை வைத்தே செய்யப்போகிறார்கள். கையில் குடத்தைக் கொடுத்து அவளை உள்ளே தள்ளியது அவர்.

நிறுத்து என்றார். ஃபர்ஹானா மேலே இருப்பவர்களை அழைத்தாள், அந்த இரைச்சலில் யாரும் எடுக்கவில்லை. சட்டென்று துண்டித்தால் நல்லதா என்று அவளே அவரிடம் கேட்டாள். தட்டல் நின்றால் இத்தனை வேகத்தில் ஓடுகிற நெஞ்சுகள் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது, யாரும் அதைச் சோதித்ததில்லை. அதற்குள் சூறை 'சாம்பல்' பாட்டைத் தொடங்கிவிட்டாள். கோடு நூற்றறுபதைத் தொட்டது, நூற்றெண்பதைத் தொட்டது. திடலில் ஆங்காங்கே ஆட்கள் சரிவது தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டி அவர்களைத் தூக்கினார்கள்.

"வேற யாரோடதையாவது போட முடியுமா?" என்றார் ஞானராஜ்.

"திடல்ல இருக்கற எந்தப் பட்டையையும் எடுக்கலாம் சார். ஆனா இப்ப எல்லாரும் இதே வேகத்துல ஓடிட்டிருக்காங்களே."

ஞானராஜ் தன் வெள்ளைப் பட்டை மாட்டிய கையை அவள் மேசை மேல் வைத்தார். இத்தனை தட்டலிலும் அது எழுபது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அந்தத் திடலில் எதன் பின்னாலும் ஓடாத நெஞ்சு அது ஒன்றுதான்.

ஃபர்ஹானா எண்ணைத் தட்டினாள். நேரடித் துடிப்பு என்பதால், சம்மதமா என்று ஒரு கட்டம் வந்து நின்றது. பழைய பதிவுக்கு அந்தக் கேள்வி கிடையாது போலிருக்கிறது. ஞானராஜுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. சம்மதம் என்று அவரே விரலை வைத்து அழுத்தினார். அவள் வேகத்தைப் படிப்படியாக இறக்கிக்கொண்டு வந்தாள். நூற்றைம்பது, நூற்றிருபது, தொண்ணூறு, எழுபது.

பீட் தளர்ந்தது. மேடையில் சூறை ஒரு வரியில் இடறினாள். டிரம்ஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். இருபதாயிரம் பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. அவ்வளவுதான், கச்சேரி படுத்துவிட்டது என்று ஃபர்ஹானா முகத்தை மூடிக்கொண்டாள்.

சூறை ஒரு கணம் காதைக் கொடுத்தாள். கனமான, பிசகில்லாத அடி அது. அடிக்கும் அடிக்கும் நடுவில் நிறைய இடம். அவள் பல் தெரியச் சிரித்தது திரையில் தெரிந்தது. ஓர் அடிக்கு நான்கு சொல் போட்டுக்கொண்டிருந்தவள் எட்டுப் போட்டாள்.

"பொகையில பொறந்த பொண்ணுடா நான், பொசுங்கமாட்டேன்,
நீ பூட்டு போட்ட கேட்டுக்கெல்லாம் மசியமாட்டேன்,
சாம்பலாத்தான் கொட்டுறியா, கொட்டு, கொட்டு,
அத நெத்தியில பூசிக்கினு போடுறேன் மெட்டு!"

அதுவரை இரைச்சலாகக் கேட்ட சொற்கள் இப்போது ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. நெஞ்சு இடம் கொடுத்ததும் காது கேட்க ஆரம்பித்தது. ஒரு வரிக்குச் சிரித்தார்கள், மறு வரிக்குச் சீறினார்கள், மூன்றாவது வரியை அவளை முந்திக்கொண்டு பாடினார்கள். அழுதுகொண்டே ஆடியவர்களும் இருந்தார்கள். இருபதாயிரம் ஜோடிக் கால்கள் ஒரே அடியாக மண்ணில் இறங்கின, அந்த அடி ஞானராஜின் நெஞ்சிலிருந்து கிளம்பியது. எட்டு மாதம் காத்திருந்தவர் இதைக் கனவிலும் நினைத்ததில்லை. வெள்ளைப் பகுதியில் நின்றுகொண்டு, தொண்டை கிழிய, ஒரு சொல் விடாமல் அவர் கடைசிப் பாட்டு வரை பாடினார். வக்கீல் தன் கறுப்புக் கோட்டைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிகிற தறுவாயில்தான் மேலே இருந்து ஃபர்ஹானாவுக்கு அழைப்பு வந்தது. திட்டு விழும் என்று எதிர்பார்த்தவளுக்கு வாழ்த்து வந்தது. இப்படி ஒரு வரவேற்பைக் கண்டதே இல்லையாம், அந்த எழுபதை உடனே பதிவு செய்து எல்லா ஊருக்கும் அனுப்ப வேண்டுமாம். பழைய பதிவு எப்படி வந்தது, அது என்ன செய்யப் பார்த்தது என்று அவள் சொன்னதை அவர்கள் முதலில் காதில் வாங்கவில்லை. அவள் மறுபடியும், இந்தத் தடவை எழுந்து நின்று, கொஞ்சம் உரக்கச் சொன்னாள். பிறகு, அந்த ஆளிடமே சம்மதம் கேட்டுச் சொல் என்றார்கள்.

"பதிவெல்லாம் வேணாம்," என்றார் ஞானராஜ். "வேணும்னா ஆளோட கூப்புடுங்க. நான் இல்லாத எடத்துல என் நெஞ்சு ஆடக்கூடாது. அந்தப் பழசையும் என் கண்ணு முன்னாடியே அழிச்சுடும்மா."

அவள் அழித்தாள். பச்சைக் கோடு இருந்த இடம் வெறுமையானது.

கதவுகள் திறந்து கூட்டம் வெளியே வழிந்தது. சரிந்து விழுந்தவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஞானராஜ் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே சிவப்புக் கதவை நோக்கிப் போனார். பியூலா ஒரு கையில் செருப்போடு வந்தாள். குரல் போயிருந்தது, புடவையெல்லாம் மண். அவளை நிறுத்தி மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். தொண்ணூறுக்குள் இறங்கியிருந்தது. நடந்ததைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"நீ எங்க நின்ன?" என்றாள் கோபமாக. "முன்னாடி வந்துட்டியா? டாக்டரு இன்னா சொன்னாரு?"

"நான் பின்னாலதான் இருந்தேன், பியூலா."

"பொய் சொல்லாத. நாலாவது பாட்டுல எனக்கு நெஞ்சு படபடன்னு தூக்கிக்கினு போச்சு. கண்ணு இருட்டிக்கிச்சு. அவ்ளோதான் நம்ம கதைன்னு நெனச்சேன். அப்போ கையில ஒரு அடி வந்துச்சு. ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னு. அது நீதான்."

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், எல்லாம் ஒரே மாதிரிதான் அடிக்கும் என்று தொழில் தெரிந்தவராக ஞானராஜ் சொல்லிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள் பியூலா. "ரெண்டு வருஷமா அது மேல கைய வச்சிக்கினுதான தூங்கறேன்."

ஞானராஜுக்கு இது தெரியாது. படுத்ததும் குறட்டை விடுகிறவள், எதற்கும் பயப்படாதவள் என்று ஆஸ்பத்திரி முழுக்க அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். அவர் தூங்கிவிட்டது உறுதியான பிறகுதான் அவள் கையை வைத்திருக்க வேண்டும், அவர் விழிப்பதற்கு முன்னால் எடுத்திருக்க வேண்டும், ஒவ்வொரு நாளும்.